மூன்றாம் நாளின் வலி

"ஒண்ணுமில்லை, சின்ன ஊசிதான்." நம் மருத்துவமனைகளில் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லப்படும் வாக்கியம் இது! சொல்பவர் கருணையோடுதான் சொல்கிறார். கேட்பவரும் அந்தக் கருணையை நம்பித்தான் மேசைமேல் குப்புறப் படுக்கிறார். ஆயினும் நரம்புத்தடை ஊசியைப் பொறுத்தவரை இந்த ஆறுதல் மொழி நோயாளிக்கு நன்மையைவிடத் தீங்கையே அதிகம் செய்கிறது என்பது என் துணிபு. என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது அச்சிகிச்சையின் ஓர் அங்கம். அதை விட்டுவிட்டு மருந்தை மட்டும் செலுத்துவது அரைச் சிகிச்சை.

நரம்புத்தடையில் பல வகைகள் உண்டு. பல் பிடுங்குமுன் தாடையில் போடுவதும், கையில் அறுவைச் சிகிச்சை செய்யத் தோளருகே போடுவதும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. நான் பேச எடுத்துக்கொள்வது முதுகெலும்பின் ஜவ்வு பிதுங்கி நரம்பு வேரை உறுத்துவதால் இடுப்பில் தொடங்கிக் கால்விரல் வரை இறங்கும் வலிக்கு, அதாவது சயாட்டிகாவுக்கு, போடப்படும் ஊசியை. 'முதுகுல போடுற ஊசி' என்று நம் வீடுகளில் ஒருவித அச்சத்தோடு குறிப்பிடப்படுவது இதுதான்.

இந்த ஊசிக்குள் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு கடிகாரங்களைப் பார்த்து வேலை செய்பவை. ஒன்று, மரத்துப்போகச் செய்யும் மருந்து; லிக்னோகெய்ன் அல்லது பியூபிவக்கெய்ன். சில நிமிடங்களிலேயே நரம்பின் வழியே செல்லும் செய்தியை அது நிறுத்திவிடும். அதன் ஆயுள் சில மணி நேரம். மற்றொன்று ஸ்டீராய்டு. நரம்பு வேரைச் சுற்றியுள்ள அழற்சியைத் தணிப்பது அதன் பணி. அது சாவகாசமாகத்தான் தொடங்கும். இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். ஒரு வாரமோ அதற்கு மேலோகூட ஆகலாம். ஆக, முதல் மருந்து விடைபெற்ற பிறகு, இரண்டாவது மருந்து வந்து சேர்வதற்கு முன், ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் பழைய வலி அப்படியே திரும்பிவருகிறது. சிலருக்கு ஊசி குத்திய இடத்தின் நோவும் சேர்ந்து முன்னைவிடக் கூடுதலாக. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லாமல் விட்டால் என்ன ஆகிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

என் பெரியம்மாவுக்குத் தென்மாவட்ட ஊர் ஒன்றில் இந்த ஊசி போடப்பட்டது. அன்று மாலை அவர் நடந்த நடையை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். ஐந்து மாதமாகச் சுவரைப் பிடித்து நடந்தவர் தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை தனியாகப் போய்வந்தார். ஊருக்கெல்லாம் தொலைபேசியில் சொன்னார். மறுநாள் விடியலில் வலி திரும்பியது. மூன்றாம் நாள் அவர் யாரோடும் பேசவில்லை. "ஏமாத்திட்டாங்கப்பா" என்று என்னிடம் சொன்னது மட்டும்தான். மருத்துவர் வரச்சொன்ன நாளில் போகவில்லை. எழுதிக்கொடுத்த உடற்பயிற்சியைத் தொடவில்லை. அடுத்த வாரம் கால் கொஞ்சம் இலேசானதை அவர் நாட்டு வைத்தியர் கொடுத்த எண்ணெயின் கணக்கில் எழுதிவிட்டார். (அது எண்ணெயால் அல்ல என்று அடித்துச் சொல்ல என்னிடமும் சான்றில்லை. தானாகவே தணிந்திருக்கவும் கூடும்.) ஊசியை அவர் வெறுத்தது வலியினால் அன்று. எதிர்பாராத வலியினால்.

இதில் வேறோர் இழப்பும் உண்டு. இந்த ஊசி சிகிச்சையாக இருக்கும் அதே நேரத்தில் பெரும்பாலும் ஒரு சோதனையாகவும் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டு மூன்று இடங்களில் ஜவ்வு பிதுங்கித் தெரியும். அவற்றுள் வலியைக் கொடுப்பது எது என்பதைப் படம் சொல்லாது. வலியே இல்லாதவர்களின் முதுகெலும்பைப் படமெடுத்தாலும் இத்தகைய பிதுக்கங்கள் தென்படுவது சாதாரணம். ஆகவே மருத்துவர் ஒரு குறிப்பிட்ட நரம்பு வேரை மரக்கச் செய்து, வலி மறைகிறதா என்று பார்க்கிறார். மரத்துப்போகும் மருந்து வேலை செய்யும் அந்த முதல் சில மணி நேரத்தில் வலி பெருமளவு மறைந்தால், குற்றவாளி அந்த நரம்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இச்சோதனையில் சாட்சி ஒருவரே, அவர் நோயாளி. எத்தனை மணிக்கு வலி குறைந்தது, எவ்வளவு, நடக்கும்போதா உட்காரும்போதா, எப்போது திரும்பியது என்று அவர் குறித்துவைத்தால்தான் அடுத்து என்ன செய்வதென முடிவெடுக்க முடியும். பெரியம்மாவின் அந்தக் கோயில் நடை, மருத்துவருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மிக முக்கியமான தகவல். அவரைச் சாட்சியாக நியமித்திருப்பதை அவருக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

மேசையில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். குப்புறப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, முதலில் தோலை மரக்கச் செய்வார்கள். அந்த முதல் குத்தல் எரியும். பிறகு எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்தபடி நீண்ட ஊசியை மெல்ல உள்ளே செலுத்துவார்கள். இடம் சரிதானா என அறியச் சிறிது சாய மருந்து செலுத்துவதுண்டு. மருந்து இறங்கும்போது ஓர் அழுத்தம் தெரியும். சிலருக்குக் காலில் அதே பழைய வலி ஒருகணம் சுரீரென்று ஓடும். யாரும் முன்னரே சொல்லியிராவிட்டால் 'நரம்பில் குத்திவிட்டார்கள், கால் போய்விட்டது' என்ற பீதி அக்கணத்தில் எழுவது இயல்பு. உண்மையில் அது பெரும்பாலும் ஊசி உரிய நரம்பின் அருகே வந்திருப்பதன் அடையாளம். அசையாமல், வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் மருத்துவர் நிறுத்துவார் அல்லது ஊசியைச் சற்று நகர்த்துவார். பொதுவாக அரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். எழுந்தபின் கால் சில மணி நேரம் மதமதவென்றிருக்கலாம், வலுவிழந்தும் இருக்கலாம். துணைக்கு ஒருவர் இல்லாமல் போகக்கூடாது. அன்று வண்டி ஓட்டக்கூடாது.

வலியைச் சொல்வதற்கு நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, தெறிப்பு, பிசைவு, விண்விண் என்பது, சுரீர் என்பது. 1975இல் ரொனால்ட் மெல்சாக் வலியை அளக்க ஒரு வினாப்பட்டியலை உருவாக்கியபோது ஆங்கிலத்திலிருந்து 78 சொற்களைத் திரட்டி 20 தொகுதிகளாகப் பிரித்துவைத்தார். கிராமத்துப் பாட்டி ஒருத்தியின் அருகே ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் அப்படியொரு பட்டியலைத் தமிழில் போட்டுவிடலாம். இவை அலங்காரச் சொற்கள் அல்ல. எரிச்சலும் சுரீரென்ற ஓட்டமும் நரம்பைச் சுட்டலாம். கடுப்பும் உளைச்சலும் தசையையோ மூட்டையோ சுட்டலாம். அத்தனையையும் 'பெயின்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு மூடி, 'பத்துக்கு எவ்வளவு?' என்று எண்ணாக மாற்றச் சொல்லும் நம் மருத்துவமனை வழக்கம் கையிலிருக்கும் தகவலைக் கொட்டிவிட்டு வெறும் பாத்திரத்தைப் பார்ப்பதாகும்.

ஒரு காலத்தில் மருத்துவர்கள் இவ்வனுபவத்தை உள்ளிருந்தே அறிந்திருந்தார்கள். 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர், கோக்கெய்ன் கண்ணை மரக்கச் செய்வதைக் கண்டறிந்தபோது தன் கண்ணிலும் சோதித்துக்கொண்டார். அதைத் தொடர்ந்து நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெடும் அவருடைய நண்பர்களும் அதை நரம்புகளருகே செலுத்தித் தங்கள் உடல்களையே சோதனைக்களமாக்கினர். இன்றைய நரம்புத்தடையின் தொடக்கம் அங்கேதான். ஹால்ஸ்டெட் போதைக்கு அடிமையானதும் அங்கேதான். 1898இல் கீல் நகரில் ஆகஸ்ட் பியர், தண்டுவட நீருக்குள் கோக்கெய்னைச் செலுத்தும் முறையைத் தன்மீதும் தன் உதவியாளர் ஹில்டெப்ராண்ட் மீதும் சோதித்தார். உதவியாளரின் காலைச் சுத்தியலால் அடித்தார், சுருட்டால் சுட்டார், வலிக்கவில்லை. அன்றிரவு இருவரும் மதுவோடு கொண்டாடினர். பிறகு பியர் எழுந்து உட்கார்ந்தாலே தலைவலி தாளாமல் நாட்கணக்கில் படுக்கையில் கிடந்தார். வெற்றியை எழுதிய அதே கட்டுரையில் அத்தலைவலியையும் விவரமாக எழுதினார். முதுகில் குத்தும் ஊசி தவறுதலாகத் தண்டுவட உறையைத் துளைத்துவிட்டால் வரக்கூடிய தலைவலி இன்றும் அதுவேதான்: படுத்தால் தணியும், நிமிர்ந்தால் கொல்லும். என்ன எதிர்பார்க்கலாம் என்பதற்கு அதைவிட நேர்மையான வாக்குமூலம் எனக்குத் தெரிந்து இல்லை.

'இதையெல்லாம் சொன்னால் நோயாளி மிரண்டுவிடுவார்' என்பது மருத்துவ நண்பர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. இதற்கான பதில் 1964லேயே வந்துவிட்டது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எக்பெர்ட் என்னும் மயக்கவியல் மருத்துவரும் அவரது குழுவினரும் வயிற்று அறுவைக்குக் காத்திருந்த 97 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தனர். ஒரு சாராரிடம் மட்டும், எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் நீடிக்கும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்று விளக்கினர். அவர்களுக்குப் பின்னர் தேவைப்பட்ட வலிமருந்து மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழப் பாதி. வீட்டுக்கும் சீக்கிரமே அனுப்பப்பட்டனர். வலி வரும் என்று கேட்டவர்களுக்குத்தான் வலி தாங்கக்கூடியதாக இருந்தது.

சட்டமும் இதையே கேட்கிறது. 2008இல் சமீரா கோலி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்றுவழிகள், கணிசமான ஆபத்துகள் ஆகியவற்றை அறிந்து தரப்படுவதே முறையான ஒப்புதல் என்றது. மிக அரிதான அபாயங்களையெல்லாம் அடுக்கி அச்சுறுத்த வேண்டியதில்லை என்றும் சேர்த்தே சொன்னது. நடைமுறையில் பல இடங்களில் ஒப்புதல் என்பது ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் பேனாவால் பெருக்கல் குறியிட்டுக் காட்டப்படும் இடத்தில் போடும் கையெழுத்து. பெரியம்மா போட்டதும் அதுதான். தமிழில் ஒரு பக்கம் எழுதித்தர ஆகும் செலவு என்ன?

அந்த ஒரு பக்கத்தில் ஊசியின் எல்லையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதுகில் போடப்படும் இத்தகைய ஸ்டீராய்டு ஊசிகளைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வு, கால் வலியும் முடக்கமும் குறுகிய காலத்துக்குச் சற்றே குறைகின்றன, அவ்வளவே என்கிறது. ஊசி ஜவ்வை உள்ளே தள்ளுவதில்லை. பிதுங்கிய ஜவ்வு பலருக்கு மாதக்கணக்கில் தானே சுருங்குகிறது; அதுவரை உறங்கவும் நடக்கவும் பயிற்சி செய்யவும் ஊசி ஓர் அவகாசம் தருகிறது. சிலருக்கு அதுவும் தருவதில்லை. இதை அறிந்தபின்னும் அதைப் போட்டுக்கொள்வது நியாயமான தேர்வுதான். இரவில் புரண்டு படுக்க முடியாதவருக்கு ஆறு வார உறக்கம் சிறிய விஷயமா என்ன? ஆனால் 'ஒரே ஊசியில் குணம்' என்று யாரேனும் விளம்பரம் செய்தால் அவ்விடத்தை விட்டு விலகிவிட வேண்டும்.

நம்மவர்களுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டியது சர்க்கரை. ஸ்டீராய்டு சில நாட்களுக்கு இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். மாத்திரையிலோ இன்சுலினிலோ இருப்பவர் அதை முன்பே மருத்துவரிடம் சொல்லி, அந்த நாட்களில் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் அதை மறைக்கவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. ஊசி போடுபவரும் இதய மருத்துவரும் பேசி முடிவுசெய்ய வேண்டியது அது. முகம் சிவத்தல், ஓரிரு இரவு உறக்கமின்மை போன்றவை வந்து போகும். ஆனால் காய்ச்சல், மரப்பு மருந்தின் நேரம் கடந்தும் கூடிக்கொண்டே போகும் கால் பலவீனம், சிறுநீர் பிரியாமை அல்லது அடக்க இயலாமை, தொடையிடுக்கில் உணர்வின்மை, இவற்றில் எது தோன்றினாலும் மறு சந்திப்பு நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிது, ஆனால் காத்திருக்கக் கூடாதது.

பெரியம்மாவின் தங்கைக்கு, என் அம்மாவுக்கு, போன ஆண்டு அதே வலி வந்தது. வேறொரு மருத்துவமனை. அங்கிருந்த மயக்கவியல் மருத்துவர் இளைஞர். "அம்மா, நாளைக்குக் காலையில வலி திரும்ப வரும், என்னைத் திட்டுவீங்க. திட்டிட்டு, எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு எழுதி வைங்க" என்றார். அம்மா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தார்: மாலை 4 வலி இல்லை. இரவு 9 கொஞ்சம் குடைச்சல். காலை 5 பழையபடி. மூன்றாம் நாள், பழையபடி, சர்க்கரை கூடுதல். எட்டாம் நாள், மாடிப்படி ஏறினேன்.