கிணற்று நீருக்கும் சோதனை வேண்டும்

விதைக்குமுன் விதையின் முளைப்புத் திறனைச் சோதிக்கிறோம். மண்ணைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி, அதன் குறை நிறையறிந்து எருவிடுகிறோம். ஆனால் வீட்டாரும் பண்ணையாட்களும் நாள்தோறும் பருகும் கிணற்று நீரைச் சோதிக்க வேண்டுமென்றால், "எங்கள் பாட்டனார் குடித்த தண்ணீர்தானே" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது.

இவ்விடை பொருந்தாது. பாட்டனார் காலத்துக் கிணறு மேலூற்றோடு நின்றது. இன்றைய ஆழ்துளைக் கிணறு பாறையை ஊடுருவிப் பல நூறு அடி செல்லுகின்றது. அன்று அருகில் மலக்குழி இல்லை. வயலில் யூரியாவும் இல்லை. இடம் அதுவேயாயினும் நீர் அதுவன்று.

தெளிவும் சுவையும் நன்னீருக்கு அத்தாட்சியாகா. பாறையிலிருந்து கரைந்து வரும் புளோரைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதனால் எலும்பு இறுகி உடல் முடங்கும் நோய் உண்டாவதை, அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் கண்டு 1937-ல் வைத்தியர்கள் வெளியிட்டனர். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லாக்களில் இத்தொல்லை இன்றும் உண்டு. எருவினின்றும் மலக்குழியினின்றும் இறங்கும் நைட்ரேட்டு மிகுமாயின், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். காய்ச்சுவதால் இவை நீங்கா. நீர் சுண்டச் சுண்ட இவை செறியவே செய்யும். காய்ச்சுதல் கிருமிகளுக்கே பரிகாரமாகும்.

கிருமிக் கலப்பை வீட்டிலேயே ஒருவாறு அறியலாம். 1982-ல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட முறைப்படி, மருந்து தோய்ந்த காகிதமிட்ட சிறு புட்டியில் நீரை நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரவு வைத்தல் வேண்டும். நீர் கறுப்பின், மலக்கலப்பு உண்டெனக் கொண்டு, அந்நீரைக் காய்ச்சாது பருகுதலை அன்றே நிறுத்துக. கறுக்காமை மட்டும் முழு நற்சான்றாகாது. உப்புக்களைப் பற்றி இப்புட்டி ஒன்றுமே கூறாது.

ஆகையால் சோதனைச்சாலையின் துணை இன்றியமையாதது. உப்புக்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், கிருமிகளுக்கு மழைக்கு முன்னும் பின்னுமாக இரு முறையும் சோதித்தல் தகும். மோட்டாரைச் சில நிமிஷம் ஓடவிட்டபின், சுத்தமான புட்டியை அந்நீராலேயே மும்முறை அலசி நிரப்புக. கிருமிச் சோதனைக்குரிய புட்டியைச் சோதனைச்சாலையிலேயே பெறுக, அதனை அலசலாகாது. இந்திய நியமப்படி ஒரு லிட்டர் குடிநீரில் புளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிடையாவிடில் 1.5 வரை பொறுக்கலாம். நைட்ரேட்டு 45 மில்லிகிராமைத் தாண்டலாகாது.

கிணற்றுக்குக் கெட்ட பெயர் வந்தால் நிலத்தின் மதிப்புக் குறையுமேயென்று அஞ்சிச் சோதனையைத் தவிர்ப்பாரும் உளர். குடிக்கத் தகாத நீர் பாசனத்திற்குப் பெரும்பாலும் உதவும். எனவே நஷ்டம் அவர்கள் எண்ணுமளவு பெரிதன்று. மறைத்தாலோ, பிள்ளைகளின் பழுப்பேறிய பற்களே ஒருநாள் உண்மையைச் சொல்லிவிடும். எலும்பில் ஏறிய கேட்டை எளிதில் இறக்கவும் இயலாது. மேலும், கூலியாட்கள் நம் கிணற்றையே நம்பிக் குடிக்கின்றனர். அதனைச் சோதிக்கும் வசதி உடையவருக்கே உண்டு. ஆதலின் கடமையும் அவருடையதே.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமந்தோறும் ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சியளிக்க ஏற்பாடுண்டு. கிராம அதிகாரிகள் இவர்களைக் குழாய் நீரோடு நிறுத்தாது, தனியார் கிணறுகளுக்கும் அழைத்துச் செல்வார்களாக. நிலமுடையோர் சோதனையின் முடிவைப் பெட்டியில் பூட்டாது, தேதியுடன் கிணற்றுச் சுவரில் யாவரும் காண எழுதி வைப்பார்களாக. தாகத்துக்கு வருபவர் தாம் பருகுவது இன்னதென அறிந்து பருகுவதே முறை.