நொய்யல் மண்ணும் நுண்ணுயிரும்

ஜப்பான் தேசத்துச் சக்காய் நகரில், பிளாஸ்டிக் புட்டி மறுசுழற்சி நிலையமொன்றின் மண்ணிலும் கழிவுநீரிலும் தேடிய விஞ்ஞானிகள், பாலியெஸ்டர் வகைப் பிளாஸ்டிக்கையே ஆகாரமாகக் கொண்டு ஜீவிக்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டு 2016-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த செய்தி, பருத்தியோடு பாலியெஸ்டர் நூலையும் மேன்மேலும் நாடிவரும் திருப்பூருக்கு மிகவும் சம்பந்தமுடையது. ஏனெனில் குடிநீர்ப் புட்டியும் அந்த நூலும் ரசாயனத்தில் ஒரே வஸ்துவே.

‘இடியோனெல்லா சகாயென்சிஸ்’ என்னும் அந்தக் கிருமி, இரண்டு நொதிகளின் துணையால், 30 டிகிரி வெப்பத்தில் மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டை ஏறக்குறைய ஆறு வாரத்தில் சிதைத்துவிடுகிறது. ஆனால் இழுத்து நூற்ற இழையில் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால் அங்கே அதன் வேலை மிக மந்தமாகிறது; பனியன்களைப் பொதியும் பாலித்தீன் பையோ வேறு இனம், அதை இந்த நொதிகள் தீண்டுவதேயில்லை. ஆகவே, குப்பைமேட்டில் கிருமியைத் தூவினால் போதும் என்று எவரேனும் வாக்களித்தால் அதை நாம் ஏற்பதற்கில்லை.

சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பாழ்பட்டு, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் வரை வாளாவிருந்த அனுபவம் நமக்கு உண்டு. பாலியெஸ்டர் கழிவு விஷயத்திலாவது முன்கூட்டியே, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் அறிஞர்களைக் கொண்டு நொய்யற்கரை மண்ணில் இத்தகைய கிருமி உண்டா என்று பரிசோதிக்கத் தொழிலதிபர்கள் திரவிய சகாயம் செய்ய வேண்டும். அதுவரை, பருத்தி வேஸ்டையும் பாலியெஸ்டர் வேஸ்டையும் கட்டிங் டேபிளிலேயே தனித்தனியாகப் பிரித்து வைக்கும் வழக்கத்தை ஒவ்வொரு பனியன் கம்பெனியும் நாளையே தொடங்கலாம்.