எல்லைக்கு இப்பாலும் அப்பாலும்

குடகு நாட்டில் குடகர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால், வானை நோக்கித் துப்பாக்கி வெடிப்பது பழைய வழக்கம். அத்துப்பாக்கியை வைத்திருக்க அவர்களுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. அடுத்துள்ள வயநாட்டிலோ மைசூர் ஜில்லாவிலோ, காட்டு மிருகங்களால் பயிரை இழக்கும் குடியானவனுக்குக்கூட, 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸின்றித் துப்பாக்கி கூடாது. தேசம் ஒன்று; நீதி இரண்டா?

காரணம் பழையது. 1857-ஆம் வருஷப் புரட்சிக்குப் பின் ஜனங்களின் ஆயுதங்களைப் பறித்த ஆங்கில சர்க்கார், தனக்கு விசுவாசமாயிருந்த குடகர்களுக்கு 1861-ல் விலக்கு அளித்தது. 1878-ல் வந்த ஆயுதச் சட்டமோ நம்மவரைக் கட்டி, வெள்ளையரை விட்டுவிட்டது. அந்த நிறபேதம் பின்னர் ஒழிந்தது. குடகின் விலக்கு மட்டும் நிலைத்தது. குடகர்களுக்கும், ஜம்மா என்னும் பரம்பரை நிலம் உடையோருக்கும் உரிய அவ்விலக்கை மத்திய சர்க்கார் 2019-ல் மேலும் பத்து வருஷங்களுக்கு நீடித்தது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021-ல் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

குடகர்கள் ஆயுதத்தைப் பூஜிப்பவர்கள். அதன் மதிப்பை அறிந்தவர்கள். அவர்களை நம்புவதில் பிழையில்லை. ஆனால் நம்பிக்கைக்கு அளவுகோல் நடத்தையா, பிறப்பா? நடத்தையே என்றால், எல்லைக்கு அப்பாலுள்ள யோக்கியனுக்கும் அதே அளவுகோல் வேண்டும். அந்நிய ராஜ்யம் விசுவாசத்துக்குக் கொடுத்த வெகுமதி, சுயராஜ்யத்தில் பொது நியாயமாக மாறுவதே முறை.