திமிங்கிலத்தின் கணுக்கால் எலும்பு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்றொரு சிற்றூர். 2004 அக்டோபரில் அவ்வூர்ப் பள்ளி வாரியம் ஆறுக்கு மூன்று என்ற வாக்குக் கணக்கில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஒன்பதாம் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்குமுன் மாணவர்களுக்கு ஓர் அறிக்கையை வாசித்துக் காட்ட வேண்டும். டார்வின் கோட்பாட்டில் இடைவெளிகள் உண்டு, 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற வேறொரு விளக்கமும் உண்டு, விரும்புவோர் அதைப் பற்றிய புத்தகத்தைப் பார்க்கலாம் என்றது அந்த அறிக்கை. அறிவியல் ஆசிரியர்கள் அதை வாசிக்க மறுத்துவிட்டார்கள். 2005 ஜனவரியில் நிர்வாகிகளே வகுப்புக்குள் வந்து வாசித்தார்கள். அதற்குள் பதினொரு பெற்றோர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள்.

இந்தத் தகராறு அங்கே புதிதல்ல. 1925இல் டென்னசியில் பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அத்தகைய தடைச் சட்டங்கள் செல்லாது என்று 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பரிணாமம் கற்பித்தால், உயிர்களைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புவாதத்தையும் கூடவே கற்பிக்க வேண்டும் என்ற லூசியானா சட்டத்தை 1987இல் ரத்து செய்தது. டோவர் வழக்கில் கேள்வி இன்னும் ஆழமாகப் போனது. படைப்புவாதத்தின் வழிவந்த இந்த விளக்கம் அறிவியல்தானா என்று ஏறத்தாழ ஆறு வாரம் சாட்சிகளை நிறுத்தி விசாரித்தார்கள். உயிரினங்களின் தோற்றம் பற்றிய இரு விளக்கங்களையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வேறெங்கும் அமைந்ததில்லை.

வடிவமைப்புத் தரப்பின் முதன்மைச் சாட்சி லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி. அவருடைய வாதம் எளிமையானது, கேட்பவரைக் கவரக்கூடியது. எலிப்பொறியில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டால் எலி சிக்காது. எல்லாப் பாகமும் ஒருசேர இருந்தால்தான் பொறி. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையும் அப்படித்தான். சுழலும் தண்டு, அதைத் தாங்கும் வளையங்கள், வெளியே நீளும் இழை என்று பல புரதங்கள் சேர்ந்த நுண்ணிய மோட்டார் அது. பாதி மோட்டாரால் பயனில்லை என்பதால் படிப்படியாக அது உருவாகியிருக்க முடியாது, எனவே யாரோ வடிவமைத்திருக்க வேண்டும் என்றார் பீஹி.

பெற்றோர் தரப்பில் சாட்சி சொன்ன பிரவுன் பல்கலைக்கழக உயிரியலாளர் கென்னத் மில்லர் இதற்கு நேரடியாகப் பதில் சொன்னார். கசையிழையின் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டு அடிப்பகுதியில் சுமார் பத்துப் புரதங்களை மட்டும் வைத்துக்கொண்டால், அவற்றுக்கு இணையான தொகுப்பு இயற்கையிலேயே இருக்கிறது. பிளேக் பரப்பும் பாக்டீரியா, நம் செல்லுக்குள் நஞ்சைச் செலுத்தும் ஊசியாக அதைப் பயன்படுத்துகிறது. நீந்த உதவாத பாதி, வேறொரு வேலைக்கு உதவுகிறது. ஒரு வேலைக்கு இருந்த உறுப்பு இன்னொரு வேலைக்கு மாறுவது பரிணாமத்தில் வழக்கமான நடைமுறை.

குறுக்கு விசாரணையில் பீஹி இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அறிவியல் கோட்பாடு என்பதற்கு அவர் வைத்திருந்த வரையறையை ஏற்றால், ஜோதிடமும் அதற்குள் வந்துவிடும். பரிந்துரைக்கப்பட்ட புத்தகத்தின் பழைய வரைவுகளும் நீதிமன்றத்துக்கு வந்தன. 1987 தீர்ப்புக்கு முந்தைய வரைவுகளில் 'படைப்பு' என்று இருந்த இடங்களில், பிந்தைய வரைவுகளில் 'அறிவார்ந்த வடிவமைப்பு' வந்து உட்கார்ந்திருந்தது. விளக்கம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. புதிய ஆய்வோ புதிய சான்றோ அந்த மாற்றத்துக்குக் காரணமில்லை. ஒரு தீர்ப்புதான் காரணம்.

மில்லர் காட்டிய இன்னொரு சான்று நம் உடம்பிலேயே இருக்கிறது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி குரோமோசோம்கள். மனிதருக்கு 23 ஜோடி. பொதுவான மூதாதையர் இருந்தது உண்மையென்றால் அந்த ஒரு ஜோடி எங்கே போனது? ஒரு குரோமோசோம் முழுவதையும் இழந்த உயிர் பிழைப்பது அரிது. ஆகவே இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தடயம் இருந்தாக வேண்டும்: குரோமோசோமின் நுனிகளில் மட்டும் இருக்க வேண்டிய டீலோமியர் வரிசை நடுவிலும் இருக்கும், ஒரே ஒரு சென்ட்ரோமியர் இருக்க வேண்டிய இடத்தில் செயலிழந்த இரண்டாவது ஒன்றின் மிச்சமும் இருக்கும். இரண்டுமே மனிதனின் இரண்டாம் குரோமோசோமில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. தேடிய இடத்தில் அவை இல்லாமல் போயிருந்தால், பொதுவான மூதாதையர் என்ற கருத்துக்கு அது பெரிய அடியாக இருந்திருக்கும்.

இரு விளக்கங்களும் பிரியும் இடம் இதுதான். பரிணாமம் தான் தோற்கக்கூடிய இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. படைப்புவாதம் அப்படி எந்த இடத்தையும் காட்டுவதில்லை. குரோமோசோம் ஒட்டியிருந்தாலும் ஒட்டாவிட்டாலும் 'அவ்வாறே படைக்கப்பட்டது' என்ற பதில் பொருந்திவிடும். எதற்கும் பொருந்துகிற பதில் எங்கே தோண்ட வேண்டும், எதைத் தேட வேண்டும் என்று ஓர் ஆய்வாளருக்கும் வழிகாட்டாது.

பரிணாம ஆய்வாளர்கள் தவறியதும் உண்டு. திமிங்கிலத்தின் கதை அதற்கு நல்ல சான்று. அதன் மூதாதை நிலத்தில் வாழ்ந்த பாலூட்டி என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. எந்தப் பாலூட்டி என்பதில்தான் சிக்கல். பற்களின் அமைப்பை வைத்து, மீசோனிக்கிட் என்ற அழிந்துபோன ஊனுண்ணி விலங்கினம்தான் என்று தொல்லுயிரியலாளர்கள் நீண்டகாலம் நம்பினார்கள். 1990களில் டி.என்.ஏ. ஆய்வுகள் வேறு விடை தந்தன: திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு நீர்யானை. அப்படியானால் அது ஆடு, மாடு, பன்றி அடங்கிய இரட்டைக் குளம்பிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்த வழக்கைத் தீர்க்க ஓர் எலும்பு போதும். ஆட்டுக்காலைச் சுத்தம் செய்து சமைத்தவர்களுக்கு அந்த எலும்பு தெரிந்திருக்கும். கணுக்காலில், இரண்டு முனையிலும் கப்பியின் பள்ளம்போல வழவழப்பாகக் குடைந்த சிறிய எலும்பு அது. இந்த இரட்டைக் கப்பி அமைப்பு இரட்டைக் குளம்பிகளின் தனி அடையாளம். கால்கள் இன்னும் மிச்சமிருந்த பழங்காலத் திமிங்கிலம் ஒன்று கிடைத்து, அதன் கணுக்காலைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். பாகிஸ்தானில் இரண்டு குழுக்கள் கண்டெடுத்த அத்தகைய எலும்புகள் பற்றிய ஆய்வுகள் 2001இல் வெளியாயின. பலுசிஸ்தானில் தோண்டிய பிலிப் ஜிஞ்சரிச், அதுவரை பற்களின் சாட்சியை நம்பியிருந்தவர். 4.7 கோடி ஆண்டுக்கு முந்தைய அந்தத் திமிங்கிலத்தின் கணுக்காலில் இரட்டைக் கப்பி இருந்தது. அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

ஜம்முப் பகுதியின் காலாகோட்டிலிருந்து அடுத்த சான்று வந்தது. இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ் அங்கே சேகரித்த பாறைகள் அவர் காலத்துக்குப் பின் பல ஆண்டுகள் ஆராயப்படாமலே கிடந்தன. அவருடைய மனைவி அவற்றை ஹான்ஸ் தீவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோடு கைதவறி உடைந்தது. உள்ளே காதெலும்பின் ஒரு பக்கம் தடித்திருந்தது. திமிங்கில இனத்துக்கே உரியதாகக் கருதப்பட்ட அமைப்பு அது. 'இண்டோஹையஸ்' எனப்படும் அந்தச் சிறிய, மான் போன்ற இரட்டைக் குளம்பி சுமார் 4.8 கோடி ஆண்டுக்கு முன் வாழ்ந்தது. 2007இல் இந்தச் செய்தி வெளியானபோது பல்லும் டி.என்.ஏ.வும் போட்ட சண்டை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் உயிர் எப்படி உண்டானது என்ற கேள்விக்குப் பரிணாமக் கோட்பாடு பதில் சொல்வதில்லை. உயிர் தோன்றிய பின் அது எப்படிக் கிளைத்தது என்பதே அதன் பொருள். 1953இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றின் ஊடே மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். அதிலிருந்து தன்னைத்தானே நகலெடுக்கும் செல் வரையுள்ள பாதை இன்னும் முழுமையாகத் தெரியவில்லை. படைப்புவாதிகள் அந்த இடைவெளியில் கடவுளை நிறுத்துகிறார்கள். இது அறிவியலைவிட நம்பிக்கைக்குத்தான் அதிகக் கேடு. ஒவ்வொரு கண்டுபிடிப்பின்போதும் அந்தக் கடவுள் இடம்பெயர வேண்டியிருக்கும். கென்னத் மில்லர் பக்தியுள்ள கத்தோலிக்கர். பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996இல் சொன்னவர் போப் இரண்டாம் ஜான் பால்.

2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பு வழங்கினார். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்த நீதிபதி அவர். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் ஆகாது, அதை அறிவியல் வகுப்பில் நுழைப்பது அரசமைப்புக்கு எதிரானது என்பது தீர்ப்பு.

இந்தியாவில் பைபிளின் ஆறு நாள் படைப்புக் கணக்கு இந்தச் சண்டையைக் கிளப்பவில்லை. ஆனாலும் 2018இல் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் கோட்பாடு தவறு என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக மறுத்தன. 2023இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூலில் பரிணாமப் பகுதியே இல்லை. பாடச்சுமை குறைப்பு என்று காரணம் சொல்லப்பட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அவர்களின் கவலை நியாயமானது. பத்தாம் வகுப்புக்குப் பின் உயிரியலைத் தேர்ந்தெடுக்காத மாணவருக்கு இந்தப் பாடம் பள்ளியில் மறுபடி கிடைக்காது.

பாடச்சுமை என்று இதை ஒதுக்குவோர் காசநோய் சிகிச்சையைப் பார்க்க வேண்டும். உலகிலேயே அதிகக் காசநோயாளிகள் உள்ள நாடு இந்தியா. சிகிச்சையின் தொடக்கத்தில் ஒரே நோய்க்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நுரையீரலில் பெருகிய கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ சில, தற்செயலான மரபணு மாற்றத்தால் ஒரு மருந்துக்கு அடங்காதவையாக ஏற்கெனவே இருக்கும். அந்த மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை சாகும், அடங்காதவை பெருகும். எல்லா மருந்துக்கும் ஒருசேர அடங்காத கிருமி இருப்பது மிக அரிது என்பதால்தான் கூட்டு மருந்து. இருமல் நின்றதும் நோயாளி மாத்திரையை விட்டுவிட்டு மறுபடி தொடங்கி, மறுபடி விட்டால், இயற்கைத் தேர்வு அவர் உடம்புக்குள்ளேயே நடக்கிறது. மருந்துக்கு அடங்காத அந்தக் கிருமி அவர் வீட்டிலும் பேருந்திலும் அடுத்தவருக்குத் தொற்றுகிறது. ஆறு மாதமும் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லும் சுகாதாரப் பணியாளர்களில் பலர் பள்ளியில் உயிரியலைத் தொடர்ந்து படித்தவர்கள் அல்ல. ஏன் என்று நோயாளி கேட்டால் அவர்கள் சொல்லவேண்டிய விடை, பத்தாம் வகுப்பு நூலிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் பக்கங்களில்தான் இருந்தது.