மூன்று நாள் லீவின் விலை

வாரத்துக்கு நான்கு நாள் வேலை, மூன்று நாள் லீவு. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியபோது அமைச்சர்கள் தந்த விளக்கம் இது. விருப்பமுள்ள தொழிலாளி ஒரு நாளைக்கு 12 மணி நேரம் உழைத்து, வாரக் கணக்கான 48 மணி நேரத்தை நான்கே நாளில் முடித்துவிடலாம் என்றார்கள். கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் அரசு மசோதாவை நிறுத்திவைத்தது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு.

மசோதா போனது, அந்த யோசனை போகவில்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து நான்கு நாள் வாரப் பேச்சு மறுபடியும் காதில் விழுகிறது. கேட்டவுடன் யாருக்கும் பிடித்துப்போகும் பேச்சு. அதனாலேயே அதை நிதானமாக யோசிக்க வேண்டும்.

என் அண்ணன் மகள் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு 12 மணி நேர ஷிஃப்ட்தான் பிடித்திருக்கிறது. “பஸ்ஸுக்கு நிக்கிற நாள் குறையுது சித்தப்பா. லீவுன்னா பிள்ளையோட முழு நாளும் இருக்கேன்” என்கிறாள். நோயாளியைக் கைமாற்றிவிடுவது மூன்று தடவைக்குப் பதில் இரண்டு தடவையோடு முடிகிறது, அதனால் தவறும் குறைகிறது என்றும் சொல்கிறாள். அவள் சொல்வதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களுக்கும் மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் திருவண்ணாமலைக்கோ விழுப்புரத்துக்கோ ஊருக்குப் போய்வரலாம். அதே நர்ஸ் பெண் இன்னொன்றும் சொன்னாள்: “லீவுல முதல் நாள் தூங்கவே சரியாப் போயிடும்.”

அந்த முதல் நாளைத்தான் நான் கணக்கில் எடுக்கச் சொல்கிறேன். தொழிற்சாலைக்குப் போகும் ஒரு பெண்ணின் நாளைப் பாருங்கள். காலை 6 மணி ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் 4.30-க்கே ஊர் முனைக்கு வந்துவிடும். அதற்குள் சோறு வடித்து, குழம்பு வைத்து, பிள்ளையின் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு ஓட வேண்டும். இப்போதைய ஷிஃப்டில் மதியம் 2 மணிக்குமேல் வெளியே வந்து, பள்ளி விட்டு வரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிடுகிறாள். அதையே 12 மணி நேரமாக்கினால் மாலை 6 மணிக்குத்தான் விடுதலை, வீடு சேர ஏழரை. 2019-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடும் நேரம் சராசரி 299 நிமிடம் என்றது. ஆணுக்கு 97 நிமிடம். வேலை 12, பயணம் 3, வீட்டு வேலை 5. இருபது மணி நேரம் போய்விட்டது. மீதி நாலு மணி நேரத்தில் அவள் தூங்க வேண்டும், குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும்.

இதை மூன்று நாள் லீவில் ஈடுகட்டலாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீடு நாள் கணக்கில் ஓடுகிறது. பசி தினமும் வருகிறது, தூக்கமும் தினமும் வருகிறது. செவ்வாய் இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அது வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருக்காது. பதினொன்றாவது மணி நேரத்தில் பிரஸ் மெஷினுக்குள் விரல் போனால், வரப்போகும் லீவால் அந்த விரலை மீட்க முடியாது.

1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்று பிரிவு 51-ல் எழுதியதோடு அவர்கள் நிறுத்தவில்லை. ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்று பிரிவு 54-லும், இடைவேளை உட்பட பத்தரை மணி நேரத்துக்குமேல் போகக் கூடாது என்று பிரிவு 56-லும் தனித்தனியே வேலி போட்டார்கள். 2023 மசோதா கொண்டுவந்த பிரிவு 65ஏ, இந்த மூன்றிலிருந்தும் விலக்குத் தர அரசுக்கு அதிகாரம் கேட்டது. வார விடுமுறை பற்றிய பிரிவு 52-ம், ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி தரும் பிரிவு 59-ம் அதே விலக்குப் பட்டியலில் இருந்தன. மூன்று நாள் லீவு என்று வாயால் சொல்லிக்கொண்டே, இருந்த ஒரு நாள் லீவையும் விலக்கில் சேர்த்திருந்தார்கள். தொழிற்சங்கத்துக்காரர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

வேலை நேரத்தைக் குறைப்பது வேறு, அதே நேரத்தை மடித்துச் சுருட்டுவது வேறு. 2022-ல் பெல்ஜியம் கொண்டுவந்தது சுருட்டும் முறை: வார நேரம் குறையாது, நாள் மட்டும் நீளும். ஐஸ்லாந்து செய்தது குறைப்பு. 2015 முதல் 2019 வரை நடந்த சோதனைகளில் சம்பளத்தில் கை வைக்காமல் 40 மணி நேரத்தை 35, 36 என்று இறக்கிப் பார்த்தார்கள். பிரிட்டனில் 2022-ல் 61 நிறுவனங்கள் ஆறு மாதம் சம்பளம் குறைக்காமல் நேரத்தைக் குறைத்தன. சோதனை முடிந்தபோது 56 நிறுவனங்கள் தொடர்வதாகக் கூறின. ஹென்றி ஃபோர்டு 1926-ல் ஆறு நாள் வாரத்தை ஐந்தாக்கியபோதும் எட்டு மணி நேர நாளை நீட்டவில்லை. வாரம் 48 மணியிலிருந்து 40-க்கு இறங்கியது. அதுவும் கார் ஓடும் அசெம்பிளி லைனில்.

நம் நாட்டிலும் நேரம் இறங்கித்தான் வந்திருக்கிறது. 1922 சட்டத்தில் நாளைக்கு 11 மணி, வாரத்துக்கு 60. 1934-ல் பத்தும் 54-ம். அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில், 1946-ல், ஒன்பதும் 48-ம். அதோடு நின்றுவிட்டது. ஏறக்குறைய எண்பது வருடம். அன்றைய தறியையும் இன்றைய தறியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு மணி நேர உழைப்பில் விளைவது எவ்வளவு பெருகியிருக்கிறது என்று தெரியும். அந்தப் பெருக்கத்தில் ஒரு மணி நேரம்கூடத் தொழிலாளியின் வீட்டுக்கு வரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

திருப்பூரை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. அங்கே காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரை, ஒன்பதுக்கு வெளியே வருவதற்கு ‘ஒன்றரை ஷிஃப்ட்’ என்று பெயர். சனிக்கிழமை சம்பளக் கவரில் அந்த அரை ஷிஃப்ட் இல்லாவிட்டால் வாடகைக்கும் சீட்டுக்கும் இடிக்கும். ஆறு நாளும் இப்படிப் போனால் வாரம் எழுபது மணி நேரத்தைத் தொடும். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் 2021-ல் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. இவர்களிடம் போய், 12 மணி நேரம்தான் இனி ஒரு நாள், மூன்று நாள் ஓய்வெடுங்கள் என்றால் என்ன நடக்கும்? அரை ஷிஃப்டுக்கான கூலி முழுநாள் கூலிக்குள் கரையும். லீவு நாளில் அடுத்த தெருவில் உள்ள பனியன் கம்பெனிக்குப் போய்த் தைப்பார்கள். ஓய்வு பிடிக்காமல் யாரும் அப்படிப் போவதில்லை.

ஒரு ஷிஃப்டுக் கூலியில் குடும்பம் நடக்க வேண்டும். முதல் வேலை அதுதான். அது நடந்தபின் எட்டு மணி நேர நாளைத் தொடாமல் வாரத்தை ஐந்து நாளாக்கலாம். முதலாளிக்கு இதில் செலவு உண்டு. ஆள் கூடுதலாக எடுக்க வேண்டும், சிறு பட்டறைகளுக்கு அரசு கை கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று வருடம் எடுத்துக்கொண்டு 48-ஐ 45 ஆக்கி, பிறகு 40-க்கு வரட்டும். 40 மணி நேர வாரத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தை ஐ.எல்.ஓ. 1935-லேயே நிறைவேற்றிவிட்டது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. நான்கு நாள் வாரம் பற்றி அடுத்த கூட்டத்துக்கு அரசு கூப்பிடும்போது, சங்கங்கள் அந்த ஒப்பந்தத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மற்றதைப் பேசட்டும்.