கூட்டாளிக்கு ஒரு பிரச்சினையாம்!

வானொலியில் மருத்துவ நேரம் நடத்துகிற எங்களுக்கு இது பழகிப்போன ஒன்று. தலைப்பு மூட்டுவலி என்றால் தொலைபேசி ஓயாது. கேஸ்ட்ரிக் என்றால் சொல்லவே வேண்டாம். 'ஆண்கள் நலம்' என்று அறிவித்தால் மட்டும் தொலைபேசி அடங்கிவிடும், வாட்ஸ்அப் நிரம்பிவிடும். "அண்ணே, என் கூட்டாளிக்கு ஒரு பிரச்சினை..." என்றுதான் பாதிச் செய்திகள் தொடங்கும். கூட்டாளிக்கு எந்தப் பக்கம் வலி, எத்தனை நாளாக வலி என்பதெல்லாம் இவருக்கு அத்துப்படியாக இருக்கும்!

சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால், அந்த இடத்தில் வரும் சில அறிகுறிகளுக்குக் கெடு இருக்கிறது. நாம் வெட்கப்படுகிறோம் என்பதற்காக அது காத்திருக்காது. எதற்கு இன்றிரவே ஓட வேண்டும், எதற்கு இந்த வாரத்துக்குள் போக வேண்டும், எதற்குக் கவலையே வேண்டாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இன்றிரவே

படிவம் இரண்டில் படிக்கும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அடிவயிறு வலிக்கிறது என்று எழுகிறான். வாந்தியும் வருகிறது. அம்மா கோடாலித் தைலம் தேய்த்து, பனடோல் கொடுத்து, "காலையில் கிளினிக் போகலாம்" என்கிறார். வலி வயிற்றில் மட்டும் இல்லை, விதையில் இருக்கிறது என்பதைப் பையன் சொல்லவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வான்?

இதற்குப் பெயர் விதை முறுக்கம். விதைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் கயிறுபோல முறுக்கிக்கொள்வதால் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. 12 முதல் 18 வயதுக்குள் அதிகம் வரும், மற்ற வயதிலும் வரலாம். விளையாடும்போது மட்டுமல்ல, தூக்கத்திலும் வரும். திடீரென்று ஒரு பக்கம் கடும் வலி, வீக்கம், குமட்டல், ஒரு விதை மேலே ஏறி நிற்பதுபோல் தோன்றுவது ஆகியவை அடையாளங்கள். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் கடந்துவிட்டால் அகற்ற வேண்டிய நிலைதான் பெரும்பாலும் வரும். தைலமும் மாத்திரையும் முறுக்கைப் பிரிக்காது.

ஆகவே கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அறுவை தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம். முகப்பில் "வயிற்று வலி" என்று சொல்லிவிட்டு வரிசையில் உட்காரவும் வேண்டாம். "விதையில் வலி, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது" என்று சொல்லுங்கள். மலாயில் "புவா ஸாக்கார் சாக்கிட்" என்றால் தாதிக்குப் புரிந்துவிடும்.

இன்னும் மூன்றுக்கும் இதே அவசரம்தான். பின்னுக்கு இழுத்த முன்தோல் திரும்பி வராமல் வீங்குவது, விறைப்பு 4 மணி நேரம் கடந்தும் தணியாமல் வலிப்பது, தொடை இடுக்கில் உள்ள குடலிறக்கம் திடீரென்று கெட்டியாகி வலிப்பது.

இந்த வாரத்துக்குள்

வலிக்காத கட்டி. வலி இல்லாததால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விதையில் வரும் புற்றுநோய் முதியவர்களைவிட இளைஞர்களுக்கே அதிகம் வருகிறது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் அது கண்டுபிடிக்கப்பட்டபோது வயது 25. நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தும் சிகிச்சையில் குணமானார். பின்னாளில் ஊக்கமருந்தால் பட்டங்களை இழந்தது வேறு கதை. முன்கூட்டியே பார்த்தால் சிகிச்சையும் சுலபம். மாதம் ஒரு முறை, வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு விரல்களால் மெதுவாக உருட்டிப் பாருங்கள். விதையின் பின்பக்கம் மெத்தென்று தட்டுப்படும் குழாய் இயல்பானது. விதையிலேயே கெட்டியான முடிச்சு, வீக்கம் அல்லது பாரம் தெரிந்தால் மருத்துவரிடம் போங்கள். ஸ்கேன் எடுப்பதில் வலி இருக்காது.

அடுத்தது, நம் சமூகத்துக்கு மிக நெருக்கமானது. முன்தோலுக்கு அடியில் சிவத்தல், அரிப்பு, வெடிப்பு, வெள்ளைப் படிவு திரும்பத் திரும்ப வருகிறதா? ஃபார்மசியில் கிரீம் வாங்கித் தடவினால் போகும், மறுபடி வரும். இனிப்பு நீர் இருப்பதே பலருக்கு இப்படித்தான் முதலில் தெரியவருகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். ஆகவே கிரீமோடு நிறுத்தாமல் இரத்தத்தில் சீனி அளவையும் சோதியுங்கள்.

விறைப்புக் குறைவும் அப்படித்தான். ஆணுறுப்பின் இரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை. அடைப்பு அங்கே முதலில் தெரியக்கூடும். பாசார் மாலாமில் விற்கும் 'ஆண்மைக் காப்பி' இதற்குத் தீர்வு அல்ல. மருந்து கலந்த இத்தகைய பானங்களைப் பற்றிச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு அந்தக் கலப்பு உயிருக்கே ஆபத்து.

சிறுநீரில் இரத்தம் ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும் காட்டுங்கள். சீழ், புண், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தாலும் காட்டுங்கள். மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை விழுங்காதீர்கள். பால்வினைத் தொற்று என்றால் துணைக்கும் சிகிச்சை தேவை.

கவலை வேண்டாம்

ஒரு விதை மற்றதைவிடச் சற்றுக் கீழே தொங்குவது இயல்பு. குளிரில் பை சுருங்குவது இயல்பு. ஆணுறுப்பு முனையின் விளிம்பில் வரிசையாகத் தெரியும் சின்னஞ்சிறு முத்துப் பருக்கள் நோயல்ல, யாருக்கும் தொற்றாது.

அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆண் மருத்துவர் வேண்டுமென்று கேட்கலாம், தவறில்லை. முகப்பில் சொல்லக் கூச்சமாக இருந்தால், அவசரமில்லாத பிரச்சினைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

வீட்டில் பையன்கள் இருந்தால் இந்த வார இறுதியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லி வையுங்கள். அப்பாதான் சொல்ல வேண்டும் என்பதில்லை, அம்மாவும் சொல்லலாம்: "தம்பி, கீழே வலித்தால் எந்த நேரமாக இருந்தாலும் என்னை எழுப்பு. நான் திட்டமாட்டேன், சிரிக்கவும் மாட்டேன்."