தாம்பாளத்தில் ரங்கூன்

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேருக்குச் சாப்பாடு என்று நான் வாய் தவறி ஒப்புக்கொண்டது வியாழக்கிழமை ராத்திரி. சனிக்கிழமை காலை வரை என் மனைவி என்னோடு பேசவில்லை.

விஷயம் இதுதான். திருச்சியிலிருந்து அவளுடைய பெரியப்பா வருகிறார். எனக்குப் பெரிய மாமா. 1964-ல் பன்னிரண்டு வயசுப் பையனாக ரங்கூனிலிருந்து கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கியவர். "உங்களுக்கு அத்தோ செஞ்சு போடறேன் மாமா" என்று போனில் ஜம்பமாகச் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு செகண்ட் பேசவே இல்லை. அப்புறம், "செய்யுங்க மாப்பிள்ளை" என்றார். அந்த இரண்டு செகண்டை நான் கவனித்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு அத்தோ செய்யத் தெரியுமா?" என்றாள் மனைவி, மௌனவிரதம் முடிந்ததும்.

"பீச் ஸ்டேஷன் பக்கம் வண்டிக்கடையில அறுபது தடவையாவது சாப்பிட்டிருக்கேன்."

"நான்கூட ஏரோப்ளேன்ல போயிருக்கேன். ஓட்டச் சொல்வீங்களா?"

பி.காம். படித்தவனுக்கு ஒரு சௌகரியம். எதையும் முதலில் ஒத்திகை பார்ப்பான். பார்த்தேன். நூடுல்ஸ் களியாகிவிட்டது. நேரே பாரிமுனைக்குப் போய் வண்டிக்காரரிடமே சரணடைந்தேன். "முழுசா வேகறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே இறக்கிடுங்க சார். பச்சைத் தண்ணில அலசிட்டு எண்ணெய் தடவிப் பரப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான் ரகசியம்.

நீங்களும் விருந்தாளிகளிடம் இப்படி மாட்டிக்கொண்டால், எட்டுப் பேருக்கு 600 கிராம் நூடுல்ஸ் போதும். கொஞ்சம் தடியான ரகமாக இருக்கட்டும். நாலு பெரிய வெங்காயத்தை மெலிசாக அரிந்து கடலை எண்ணெயில் வறுங்கள். பொன்னிறம் வரும்போதே எடுத்துவிட வேண்டும். வெளியே எடுத்த பிறகும் அது கறுத்துக்கொண்டே போகும். அதே எண்ணெயில் இரண்டு முழுப் பூண்டு அரிந்து போட்டு, சிவந்ததும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். வண்டியில் ஆரஞ்சுக் கலர் சேர்ப்பார்கள், நான் மஞ்சளோடு நிறுத்திக்கொண்டேன். அப்புறம் பச்சை முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், வறுத்துப் பொடித்த மிளகாய், கெட்டியான புளித்தண்ணீர், உப்பு, கொத்தமல்லி, எலுமிச்சை. மொறுமொறுவென்று பேஜோ போட வேண்டும். எங்கள் தெருவில் அது கிடைக்காததால் தட்டையை நொறுக்கிப் போட்டேன். பொட்டுக்கடலை மாவை மட்டும் மறந்துவிடாதீர்கள். புளித்தண்ணீரை நூடுல்ஸோடு ஒட்ட வைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் புளி எல்லாம் தட்டின் அடியில் குளம் கட்டிவிடும். பக்கத்தில் குடிக்க வாழைத்தண்டு சூப்.

பாத்திரம்? மனைவியின் சீர்வரிசைத் தாம்பாளம். கல்யாணத்துக்குப் பிறகு பரணில் தேய்மானம்கூட இல்லாமல் கிடந்த சொத்து. நடுவில் நூடுல்ஸ் குன்று, சுற்றிலும் கிண்ணங்கள். எட்டு ஃபோர்க்கும் வாங்கி வைத்தேன்.

மாமா தாம்பாளத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஃபோர்க் எதுக்கு மாப்பிள்ளை? பர்மா பாஷையில 'தோ'ன்னா பிசையறது. 'லெ'ன்னா கை. லெத்தோன்னாலே கையால பிசையறதுதான்" என்றபடி கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். மாவு, புளி, எண்ணெய் என்று அளவே பார்க்காமல் அள்ளிப் போட்டுப் பிசைந்தார். முதல் வாயை என் ஏழு வயசுப் பெண்ணிடம் நீட்டினார்.

"ஐயே... புழு மாதிரி இருக்கு பெரிய தாத்தா!"

என் மனைவி அவளைக் கிள்ளக் கையை ஓங்கிவிட்டாள். மாமா தடுத்தார்.

"விடும்மா. இங்க ஸ்கூல்ல சேர்ந்த புதுசுல பசங்களும் இதைத்தான் சொன்னாங்க. டப்பாவைத் திறந்தா, 'பர்மாக்காரன் புழு திங்கறான்'னு வகுப்பே சிரிக்கும். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட, இனிமே இதைச் செய்யாதேன்னு கத்தினேன். அதுக்கப்புறம் சாகிறவரைக்கும் அவங்க செய்யவே இல்லை."

1964-ல் நே வின் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. அவர்கள் கடையும் போய், பெட்டியிலிருந்த பணமும் காகிதமாகித்தான் கப்பலேறினார்கள். இதெல்லாம் எங்கள் வீட்டில் நூறு தடவை பேசிய கதை. டப்பா கதையை யாருமே கேட்டதில்லை.

என் மாமனாருக்கு வந்தபோது இரண்டு வயசு. கையில் எடுத்த வாய் அப்படியே நிற்க, "நம்ம அம்மாவுக்கு இது செய்யத் தெரியுமாண்ணே?" என்றார்.

"தெரியுமாவா? ரங்கூன்ல பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மாவே வந்து கேட்டு வாங்கிட்டுப் போவாங்கடா."

கொஞ்ச நேரம் தட்டையின் நறநற சத்தம் மட்டும்தான். என் பெண் மெதுவாக ஒரு இழையை உறிஞ்சினாள். அப்புறம் இன்னொன்று. அரைமணியில் தாம்பாளம் காலி. அண்ணனும் தம்பியும் ஒட்டியிருந்த மாவை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்கள்.

"புளி ஒரு பிடி தூக்கல் மாப்பிள்ளை. அம்மா இவ்வளவு போட மாட்டாங்க."

பிசைந்தது அவர்தான். ஆனாலும், "அடுத்த தடவை குறைச்சிடலாம் மாமா" என்றேன்.

"அடுத்த தடவை எப்போ?"

சமையலறை வாசலிலிருந்து மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேதி மட்டும் சொன்னேன். எத்தனை பேர் என்று வாயைத் திறக்கவில்லை.